பத்துத் தொட்டி பெட்டூனியா

மண்தொட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு கரகரப்பு எழும்புமே, அது எங்கே கேட்டாலும் எனக்கு ஒரு முதுகு நினைவுக்கு வரும். வெள்ளைப் பனியனும் காக்கிக் கால்சட்டையும் போட்டு, இரும்புக் கேட்டைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நிற்கும் என் அத்தானின் முதுகு. புனேயில், கோர்படி ரயில்வே காலனியில் ஒரு குளிர்காலம் முழுக்க, காலை ஏழேகாலுக்கு, அந்த முதுகுக்குப் பின்னால் நின்று நான் தொட்டி இழுத்திருக்கிறேன். "ஆச்சா பிள்ள?" என்று கேட்பார். "ஆச்சு அத்தான், திரும்புங்க" என்பேன். திரும்பி, வரிசையாக நிற்கும் பத்துத் தொட்டிகளையும் இடமிருந்து வலமாகப் பார்த்து, ஒவ்வொரு பூவின் நிறத்தையும் சொல்லுவார். சொல்லி முடித்ததும் எத்தனை சரி என்று நான் சொல்ல வேண்டும்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ரயில் ஓட்டியவர். லோனாவ்லா பக்கமும் தௌண்டு பக்கமும் பல வருஷம் சரக்கு வண்டி ஓட்டிவிட்டு, பயணிகள் வண்டிக்கு வந்த சமயத்தில் அவருக்குக் காசநோய் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். நோய் ஒழிந்தது. ஆனால் அந்த மாத்திரைகளில் ஒன்று எப்போதாவது சிலருக்குக் கண்ணில் கைவைத்துவிடுமாம், அத்தானுக்கு வைத்துவிட்டது. எழுத்துப் படிப்பதில் குறையில்லை, ஆள் முகம் தெரிவதில் குறையில்லை. நிறங்கள்தாம் குழம்பிப்போயின, அதிலும் சிவப்பும் பச்சையும். வேறொருவருக்கென்றால் இது பழுத்த தக்காளி பொறுக்கும் தொல்லையோடு போயிருக்கும். ரயில் ஓட்டுகிறவருக்குப் போகுமா? எஞ்சினிலிருந்து இறக்கி, ஓர் அலுவலக மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று பட்டியல் எழுதுகிற மேசை. அதைத் தவிர வேறெந்த மேசையைக் கொடுத்திருந்தாலும் தாங்கியிருப்பார் என்று அக்கா சொல்லுவாள்.

அந்த வருஷம்தான் நான் திருநெல்வேலியிலிருந்து அவர்கள் வீட்டில் வந்து இறங்கினேன். எனக்கு இருபத்து மூன்று வயது. கன்டோன்மென்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர் வேலை. ஊரில் பார்த்த அத்தான் கலகலப்பானவர். விடுமுறைக்கு வந்தால் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கோத்து முற்றத்தைச் சுற்றி ரயில் விடுவார். இங்கே பார்த்தவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து குழம்பு ஆறும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நாளாக நாளாகத் தேறினாலும் தேறும், தேறாமலும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தான் அந்த வாக்கியத்தில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். கால் ஒடிந்தவன் நடந்து நடந்துதானே பழகுகிறான், கண்ணையும் அப்படிப் பழக்கினால் என்ன என்பது அவர் கட்சி. அதற்குத்தான் பூச்செடி. அதுவரை ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட நட்டவரில்லை.

மழை ஓய்ந்து தசரா வருகிற சமயத்தில் ஆரம்பித்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னால் பத்தடிக்கு இருபதடி மண் இருந்தது. அதில் கருங்கல் சல்லியும் உடைந்த பாத்ரூம் ஓடுகளும்தான் விளைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனையையும் அவரே கொத்தி எடுத்தார். காலனித் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் மக்கிக் கிடந்த இலைகளைச் சாக்கில் அள்ளி வந்தார். எருமைத் தொழுவத்திலிருந்து சைக்கிளில் சாணம் வந்தது. பெட்டூனியா விதை மூக்குப்பொடி போல இருக்கும். தும்மினால் தோட்டமே போய்விடும். அதை மணலோடு கலந்து தூவி, மேலே தண்ணீர் ஊற்றாமல், தட்டில் தண்ணீர் வைத்து அதில் தொட்டியை உட்கார வைப்பார், ஈரம் கீழேயிருந்து ஏறட்டும் என்று. நாலு இலை விட்ட நாற்றை வெயில் தாழ்ந்த பிறகுதான் பெயர்த்து நடுவார். செடி ஒரு சாண் வந்து மொட்டு வைக்கப் போகிறதென்று நாங்கள் சந்தோஷப்படும் நேரத்தில் நுனியைக் கிள்ளி எறிந்துவிடுவார். அக்கா பதறுவாள். பத்து நாளில் அந்த ஒற்றைத் தண்டு எட்டாகக் கிளைத்து நிற்கும். சால்வியாவும், ஜினியாவும், பான்சியும் இப்படித்தான் வந்தன. டிசம்பர் பிறந்தபோது காலனியில் எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொல்ல நம்பர் தேவைப்படவில்லை.

அவர் பூ வளர்த்ததைவிட, பூவைப் பற்றிக் கேட்டதுதான் எனக்கு அதிசயம். கேட்டுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் "இது என்ன நிறம்?" என்பார். சிவப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தச் சிவப்பு? வற்றல் மிளகாயா, மாதுளை முத்தா, தபால் பெட்டியா? பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற நான் அவர் முன்னால் திருதிருவென்று விழிப்பேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா, எல்லாரும் காக்கு என்று கூப்பிடுவோம், அவள் மட்டும் சளைக்க மாட்டாள். சேலைக்கடை நிறங்களாக எடுத்து விடுவாள்: இது ராணி ரோஸ், இது டாளிம்பி, அதாவது மாதுளை நிறம், இது ராணியுமில்லை டாளிம்பியுமில்லை. அதை ஒப்புக்கொள்ளாத இன்னொருத்தி தெருவைக் கடந்து வருவாள். அதுவரை தண்ணீர்க் குழாயடியில் முகம் திருப்பிக்கொண்டு போனவர்களெல்லாம் எங்கள் கேட்டில் நின்று நிறத்துக்காகச் சண்டை போட்டார்கள். அத்தான் நடுவில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அக்காவுக்குச் சேலை எடுக்க இனி காக்குவைத்தான் கூட்டிப் போக வேண்டும் என்று கொழுந்தியாளின் உரிமையோடு நான் கேலி செய்தால், "அவளுக்கு எது கட்டுனாலும் எடுப்பா இருக்கும், உனக்குத்தான் கஷ்டம்" என்று திருப்பிக் கொடுப்பார்.

பரீட்சைக்கென்று பத்துத் தொட்டிகளைத் தனியாக வைத்திருந்தார். பத்திலும் பெட்டூனியா. வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று, மற்றவை சிவப்பு, ரோஸ், ஊதா. எல்லாத் தொட்டிக்கும் ஒரே மாதிரி காவி அடித்து, எந்தத் தொட்டி எது என்று அடையாளம் தெரியாமல் செய்திருந்தார். அவற்றுக்குத் தண்ணீர் விடுவதும் அவரில்லை, அக்கா. ஊதாப் பூவுக்கு வாசம் கூடுதல் என்பதால், மூக்கு காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று பத்தடி தள்ளி கேட்டில் நின்றுதான் பார்ப்பார். அவர் திரும்பி நிற்கும்போது நான் தொட்டிகளை இடம் மாற்ற வேண்டும். இவ்வளவு நேர்மையாகத் தன்னைத்தானே பரீட்சை செய்துகொண்ட ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. முதல் வாரங்களில் மூன்று சரியாக வரும், மிஞ்சினால் நாலு. வெள்ளையும் மஞ்சளும் எப்போதும் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் குருட்டாம்போக்கு. நான் எண்ணிக்கையைச் சொல்லி, எது எது என்ன நிறம் என்பதையும் வரிசையாகச் சொல்லுவேன். தலையாட்டிக்கொண்டு உள்ளே போய் அரை இட்லியோடு எழுந்துவிடுவார்.

ஒருநாள் எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். பத்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டிருக்க எனக்கு ஏது பொழுது? ஓரத்தில் இருந்த வெள்ளையையும் மஞ்சளையும் மட்டும் மாற்றினேன். மற்றவற்றை இருந்த இடத்திலேயே ஓர் இழுப்பு இழுத்து, ஓசை மட்டும் வரும்படி செய்துவிட்டு, திரும்பச் சொன்னேன். அன்றைக்கு எட்டு சரி. நேற்று எந்த இடத்தில் சிவப்பு என்று என் வாயால் கேட்டாரோ, அந்த இடத்தில் இன்றைக்கும் அவருக்குச் சிவப்பாகத் தெரிந்தது. அவர் நினைவை வைத்துச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாது. எட்டு என்றதும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்றைக்கு அவர் மூன்று தோசை தின்றார் என்று மத்தியானம் அக்கா என் பள்ளிக்கூடத்துக்கே போன் போட்டுச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் எனக்கு நேரம் இருந்தது. இருந்தும் வெள்ளையையும் மஞ்சளையும் மட்டும்தான் மாற்றினேன். அதற்கடுத்த நாளும். சோம்பலில் தொடங்கியதை இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு செய்தேன். ஐந்து வாரம் செய்தேன். ஓசை எழுப்புவதில் எனக்கு ஒரு கைத்திறனே வந்துவிட்டது. எட்டு, ஒன்பது, ஒருநாள் பத்துக்குப் பத்து. வீட்டில் பேச்சுச் சத்தம் திரும்பி வந்தது. அத்தான் குளிக்கும்போது பாட்டுக் கேட்டது. அலுவலகத்திலிருந்து வரும்போது காக்குவின் பேரனுக்கு ரயில் விசில் அடித்துக் காட்டினார். இதையெல்லாம் நிறுத்துகிற தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, யாருக்கும் கெடுதல் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி வண்டி ஓட்டுவதற்காகக் கண் மறுபரிசோதனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். தேதியும் வந்துவிட்டதாம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அந்த மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு நாள் இருந்தது, பதினெட்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே கண் தேறியிருந்தால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியென்றால் ஒரே ஒருநாள் ஒழுங்காக மாற்றி வைத்துப் பார்த்திருக்கலாம், அதற்கும் பயம். கோயிலில் முழங்கால் போட்டு, என் பொய்யை மெய்யாக்கும்படி ஆண்டவரிடம் கேட்டேன். அப்படியொரு ஜெபத்தைப் பண்ணியவள் நான்.

பரிசோதனை நாளன்று வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனார். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து, வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டறையில் குண்டூசித் தலை அளவு விளக்கை நிறம் மாற்றி மாற்றிக் காட்டினார்களாம். எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததாம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் அழவில்லை. எனக்கு அழுகையை விட மோசமாக வேறொன்று காத்திருந்தது. வீட்டில் ஒன்பது தெரிகிறவனுக்கு அங்கே எப்படி ஒன்றும் தெரியாமல் போகும் என்று யோசித்து யோசித்து, அந்த டாக்டர் அவசரத்தில் ஏனோதானோவென்று பார்த்துவிட்டார் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் வெள்ளைத் தாளும் பேனாவும் என் முன்னால் வைத்தார். மேலிடத்துக்கு மனு எழுத வேண்டும், டாக்டர் சரியாகச் சோதிக்கவில்லை என்று நல்ல இங்கிலீஷில் நான் எழுத வேண்டும்.

பெறுநர் முகவரி வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. முகம் தெரியாத அந்த டாக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர். வீட்டில் உட்கார்ந்து செய்யாதவள் நான். அத்தானின் முகத்தைப் பார்க்காமல், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்: பஸ்ஸுக்கு நேரமானது, வெள்ளையும் மஞ்சளும், ஓசை, தோசை, எல்லாம். அடுப்படியிலிருந்து அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"எத்தன நாளா?" என்றார்.

"அஞ்சு வாரம் அத்தான்."

அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சிக்னல் நேத்து இருந்த நெறத்துலயே இன்னைக்கும் நிக்குமா பிள்ள?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மனுஷரின் சாப்பாட்டையும் சிரிப்பையும் மட்டுமே பார்த்திருந்தேன். அவர் ஓட்ட ஆசைப்பட்ட வண்டிக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஜனம் உட்கார்ந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. எழுந்துகொள்ளும்போது, "நல்லவேள, அந்த டாக்டர் உன்னய மாதிரி எரக்கப்படல" என்றார்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. அக்கா பேசினாள், பேசாமலிருந்தால் தேவலை போலப் பேசினாள். கூடப் பிறந்தவளே இப்படிச் செய்வாளா என்றாள். ஏதாவது ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போ என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அத்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தார். "ஒழுங்கா மாத்து" என்றார். பத்தையும் தூக்கித் தூக்கி மாற்றினேன், மூச்சு வாங்கியது. திரும்பி நின்று பொறுமையாகப் பத்தையும் சொன்னார். நாலு சரி. நாலு என்று உள்ளபடியே சொன்னேன். அவர் "சரி, பஸ்ஸ விட்ராத" என்றார். அவ்வளவுதான். ஹாஸ்டல் பேச்சை அக்கா அதன்பிறகு எடுக்கவில்லை.

அதோடு பரீட்சையும் நின்றது. பூச்செடியும் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன், ஏனென்றால் எந்தக் காரியத்துக்காக வளர்த்தாரோ அது முடிந்துபோயிற்று. அடுத்த மழை ஓய்ந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு பங்கு விதைத்தார். காக்கு வீட்டு முன்னாலும் கொத்திக் கொடுத்தார். உங்களுக்குச் சரியாகத் தெரியாத சிவப்பை எதற்கு இவ்வளவு போடுகிறீர்கள் என்று அக்காதான் கேட்டாள். "நீங்கல்லாம் பாக்கீங்கல்லா" என்றார். மஞ்சளும் நீலமும் வெள்ளையும் அவர் கண்ணுக்கு நட்டார், மற்றதைத் தெருவில் போகிறவர்கள் கண்ணைக் கேட்டு நட்டார். அப்படி ஒரு தோட்டத்தை நான் பெரிய பங்களாக்களில்கூடப் பார்த்ததில்லை. அந்த அலுவலக மேசையிலும் அதற்குப் பிறகுதான் மனசோடு உட்கார்ந்தார். கண்ணில் கோளாறு என்று தெரிந்தும் மறைக்கப் பார்க்கிற டிரைவர் யாராவது வந்தால், டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி, தானே டாக்டரிடம் கூட்டிப்போவாராம். அவர் ஓய்வு பெற்ற அன்று அவர்களில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

இப்போது அத்தானும் அக்காவும் கோந்த்வாவில் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். ஆறு தொட்டி வைத்தால் நடக்க இடமிருக்காத பால்கனியில் பதினான்கு வைத்திருக்கிறார். நானும் புனேக்காரியாகிவிட்டேன், கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் இந்த ஊரில்தான். என் பள்ளிக்கூடத்து இளவயசு டீச்சர்கள் குளிர்காலம் வந்தால் நர்சரியில் பூத்த செடியாகவே வாங்கி, கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறார்கள். பூ முடிந்ததும் தொட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். அத்தானிடம் மட்டும் சொல்லவில்லை.

போன மாதம் போயிருந்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நாற்றுப் பெயர்த்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்குகிற கை, மண் ஒட்டிய விரல், ஒரு நடுக்கமும் இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, இருபது வருஷத்துக்கு மேல் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன். அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் என் மேல் இன்னும் கோபம் வருமா என்று. எந்த ஐந்து வாரம் என்று அவர் கேட்கவில்லை. நாற்றைக் குழியில் வைத்து, சுற்றி மண்ணை அணைத்து, பெருவிரலால் அழுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அன்னைக்கு மட்டும் நீ சொல்லலன்னு வையி, அந்த டாக்டர்தான் என்னய கெடுத்தாருன்னு சாகுற வரைக்கும் நெனச்சிட்டே இருந்திருப்பேன் பிள்ள" என்றார்.

அடுத்த நாற்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். இத்தனை வருஷமும் நான் மறைத்ததை மட்டுமே நினைத்து நினைத்துக் குமைந்திருக்கிறேன். சொன்னதும் நான்தான் என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.